மாடு வரும் வரை

தஹ்ஸீனுக்குப் படத்தொகுப்பு வேலை. சேந்தமங்கலம் கடைவீதியில் அவளுடைய அத்தா அப்துல் நாசரின் மிளகுக் கடை இருக்கிறது. அதற்கு மேல் இருந்த அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கீழே மூட்டை இறங்கும் சத்தம் அதிகமானால் ஜன்னலைச் சாத்திவிடுவாள். கோயம்புத்தூரில் படித்து, சென்னையில் சில வருடங்கள் பெரிய தொகுப்பாளர்களிடம் உதவியாளராக இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். கல்யாண வீடியோ, விளம்பரம் என்று எது வந்தாலும் செய்தாள். பிரேம் கொண்டுவந்ததுதான் அவள் தனியாக வெட்டிய முதல் சினிமா.

பிரேம் நாமக்கல்காரன். அவனுக்கும் அது முதல் படம். கொல்லிமலையில் அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பன் விட்டுப்போன நிலத்தைப் பங்கு பிரிப்பதில் மனம் கசந்து போகிறார்கள். பாதிப் படத்தில் தம்பி பள்ளத்தில் விழுந்து செத்துப்போகிறான். தவறி விழுந்தானா, தான் சொன்ன ஒரு வார்த்தைதான் அவனை அங்கே தள்ளியதா என்று அண்ணன் கடைசிவரை யோசித்துக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் கதை.

அந்தப் படம் ருக்குமணியோடு தொடங்கியது. ருக்குமணி நடிகை இல்லை. கொல்லிமலையின் திருப்புலி நாட்டுப் பகுதியில் சாலை வளைந்து ஏறும் ஓரிடத்தில் அவளுக்கு வீடு. கணவர் அர்த்தனாரி பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அவர்கள் தோட்டத்து மிளகு நாசர் கடைக்குத்தான் இறங்கும். அந்தப் பழக்கத்தில்தான் தஹ்ஸீன் படப்பிடிப்புக்கு முன்பே பிரேமை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். இடம் பார்க்கப் போன அன்று மாலை பனி இறங்கியிருந்தது. ருக்குமணி கையில் அரிவாளும் புல்லுக்கட்டுமாக வந்து, சாலை ஓரத்தில் நின்று, சரிவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வா சாமி... வா கண்ணு... இருட்டுதுல்ல, வா."

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பனிக்குள் மணிச் சத்தம் கேட்டது. பிறகு செவலைப் பசு ஒன்று மெதுவாக ஏறி வந்தது. ருக்குமணி அதன் கழுத்தைத் தடவிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். பிரேம் அப்படியே நின்றுவிட்டான். இதுதான் முதல் ஷாட் என்றான். கூப்பிட்டால் வருகிற ஊர் இது என்று முதலில் காட்டிவிட்டால் போதும், யார் கூப்பிட்டும் யாரும் வராத அந்த அண்ணன் தம்பி கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ருக்குமணி சம்மதித்தாள். படப்பிடிப்பு அன்றும் அவள் நடிக்கவில்லை. வழக்கம்போல மாட்டைக் கூப்பிட்டாள், மாடும் வந்தது.

படம் முடிந்து பல மாதம் சும்மா கிடந்தது. தியேட்டர்காரர்கள் யாரும் தொடவில்லை. கடைசியில் ஓடிடி நிறுவனம் ஒன்று பார்த்தது. அங்கிருந்து வீடியோ காலில் பேசியவர் நல்ல மனிதர். படம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் முதல் மூன்று நிமிடத்தில் இது என்ன மாதிரிப் படம் என்றே தெரியவில்லை என்றார். ஒரு அம்மா வருகிறாள், மாட்டைக் கூப்பிடுகிறாள், மாடு வருகிறது. விவசாயப் படமா, விருது வாங்குகிற படமா? கையில் போனை வைத்திருக்கும் இருபது வயசுப் பையன் அதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விடுவான். உங்கள் படத்தில் ஒரு சாவு இருக்கிறது, ஒரு மர்மம் இருக்கிறது, மலையும் பனியும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லுங்கள். யாருக்கான படமோ அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுங்கள். அதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பிரேம் மனம் உடைந்துபோய்த்தான் இருந்தான். ஆனால் தஹ்ஸீனுக்கு அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. அவளுடைய அம்மா தாஹிரா பீவி படம் பார்க்கும் விதத்தைச் சின்ன வயதிலிருந்தே கவனித்திருக்கிறாள். டிவியில் படம் போட்டதும் அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்பாள். கோவில் மணியோ, வீட்டு முற்றமோ, பிள்ளைகள் ஓடுவதோ வந்தால் வந்து உட்காருவாள். கார் டயர் கிறீச்சிட்டால் திரும்பிப் போய்விடுவாள். எழுத்துப் போடும்போதே "இது நமக்கில்லை" என்று சொல்லிவிடுவாள், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். தொகுப்பு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அது எப்படி நடக்கிறது என்று தஹ்ஸீனுக்குப் புரிந்தது. கதை தொடங்கும் முன்பே நிறமும் சத்தமும் எழுத்தின் வடிவமும் பார்ப்பவனிடம் பேசிவிடுகின்றன. நீ சிரிக்கலாம், நீ பயப்படத் தயாராக இரு, நீ அழுதாலும் தப்பில்லை என்று அனுமதி கொடுத்துவிடுகின்றன. அதன்பின் வருவதையெல்லாம் அவன் அந்த அனுமதியோடுதான் பார்க்கிறான்.

அவள் வேலையைத் தொடங்கினாள். முதலில் பறவைச் சத்தங்களை எடுத்தாள். பச்சையைக் குறைத்துச் சாம்பலும் நீலமும் ஏற்றினாள். ருக்குமணியின் நடையைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக்கினாள். அரிவாள் மட்டும் தெரியும்படி ஒரு நெருக்கக் காட்சியைத் தேடி எடுத்து நடுவில் வைத்தாள். அடியில் தேனீக்கூட்டம் போல ஒரு முனகலை ஓடவிட்டாள். பிறகு யோசித்து, அந்தக் குரலைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். திரை கருப்பாக இருக்கிறது. எங்கிருந்தோ ஒரு பெண் கூப்பிடுகிறாள். "வா சாமி... வா கண்ணு... இருட்டுதுல்ல, வா." அதற்குப் பிறகுதான் பனி, சாலை, அவள் முதுகு. அவள் திரும்பிப் பார்க்கிறாள். சரிவில் ஏதோ அசைகிறது. மாட்டின் மூக்கு தெரிவதற்குச் சற்று முன்னால் தஹ்ஸீன் வெட்டினாள். பனிக்குள்ளிருந்து மெல்லிய வெள்ளை எழுத்தில் படத்தின் பெயர் எழுந்தது.

போட்டுப் பார்த்தபோது அவளுக்கே பயமாக இருந்தது. பிரேம் இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். பிறகு, வேறு யாரோ எடுத்த படம் மாதிரி இருக்கிறது, ஆனால் இதை நிறுத்த முடியவில்லை என்றான். நிறுவனம் படத்தை வாங்கிக்கொண்டது.

மார்கழியில் படம் வெளியானது. எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் பார்த்தார்கள். படத்தைவிட அந்த முதல் காட்சிதான் அதிகம் ஓடியது. ருக்குமணியின் குரலைத் தனியாக எடுத்து ஆளாளுக்கு ரீல்ஸ் போட்டார்கள். இருட்டு மாடிப்படி, பாத்ரூம் கதவு, தூங்கும் நண்பன், எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் குரல். சென்னையில் முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து தஹ்ஸீனுக்குப் பாராட்டுச் செய்திகள் வந்தன. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மாசியில் மிளகு எடுக்க மலைக்குப் போய் வந்த நாசர், மதியம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். ருக்குமணி இப்போதெல்லாம் மாட்டைக் கூப்பிடுவதில்லையாம். சாலையில் கார், பைக்கில் வருகிறவர்கள் அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, அவள் வீட்டைப் பார்த்து "வா கண்ணு, வா சாமி" என்று கத்திவிட்டுப் போகிறார்களாம். அவள் வாயைத் திறந்தால் போனை நீட்டுகிறார்களாம். அதனால் சாயங்காலம் சரிவில் இறங்கி மாட்டைக் கையோடு பிடித்துக்கொண்டு வருகிறாளாம். முட்டிவலிக்காரிக்கு அது பெரிய வேலை என்று அர்த்தனாரி வருத்தப்பட்டாராம். நாசர் மகளைக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. மோர் ஊற்றிக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார். தஹ்ஸீன் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் மலையேறினாள். ருக்குமணி வாசலில் மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. உட்காரச் சொல்லி டீ வைத்துக் கொடுத்தாள். மகன் திருப்பூரிலிருந்து போன் செய்ததைச் சொன்னாள். சினிமாப் பேச்சை எடுக்கவே இல்லை. தஹ்ஸீன்தான் எடுத்தாள். படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அக்கம்பக்கத்தில் ஒருவர் போனில் முதல் கொஞ்சத்தை மட்டும் பார்த்ததாக ருக்குமணி சொன்னாள்.

"நான் கூப்பிட்டேன், மாடு வந்துச்சு" என்றாள். "அது வந்ததை நீ காட்டலியே கண்ணு."

"காட்டுனா பயம் போயிருமுங்க அக்கா."

"பயம் எதுக்கு வரணும்?"

தஹ்ஸீன் அதை விளக்க முயன்றாள். சந்தையில் பலாப்பழம் விற்கிறவர்கள் ஒரு பழத்தை அறுத்து முன்னால் வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்றாள். அதைப் பார்த்துத்தான் ஆள் நிற்பான், இல்லாவிட்டால் நடந்துகொண்டே போய்விடுவான். படத்தில் ஒரு சாவு இருக்கிறது, பயப்பட ஆசைப்படுகிற பையன்கள் பார்த்தால்தான் படம் விலைபோகும் என்று நிறுவனம் சொன்னது. அதனால் அவர்களுக்குத் தகுந்த மாதிரி முன்பக்கத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

ருக்குமணி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். வியாபாரம் அவளுக்குப் புரியாத விஷயம் இல்லை.

"அறுத்து வெக்கறது சரிங்கறேன். அந்தப் பழத்தைத்தான அறுத்து வெக்கணும்?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் மாட்டை அதுல போட்டுரு கண்ணு. வேற ஒண்ணும் வேண்டாம். நான் மாட்டைத்தான் கூப்பிட்டேன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

தஹ்ஸீன் சரி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பிரேமும் அவளும் சேர்ந்து நிறுவனத்துக்கு எழுதினார்கள். மரியாதையான பதில் வந்தது. அந்த முதல் காட்சிதான் படத்தின் பலமே, அதில் கை வைக்க முடியாது என்றார்கள். பதிலைப் படித்துவிட்டு தஹ்ஸீன் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதைச் செய்ததும் அவள்தான்.

சில மாதம் கழித்து வழி வேறு பக்கம் திறந்தது. ஒரு டிவி சேனல் படத்தை வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடும்பம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் போடப்போகிறார்கள். அந்த நேரத்துக்குப் பேய்ப்படம் மாதிரித் தொடங்கினால் பெண்கள் சேனலை மாற்றிவிடுவார்கள், அண்ணன் தம்பி பாசம் என்று தெரியும்படி மென்மையாகத் தொடங்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். தஹ்ஸீன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். பையன்களுக்காக வெட்டி நீக்கிய மாட்டை இப்போது அம்மாக்களுக்காகத் திருப்பி வைக்கலாம். பழைய ஷாட்டை முழுசாக எடுத்து வைத்தாள். பச்சை திரும்பி வந்தது. பறவைகள் திரும்பி வந்தன. மணிச் சத்தம், மாடு, கழுத்தைத் தடவும் கை, எல்லாம் வந்தன. சேனல்காரர்கள் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது, மனதைத் தொடும்படி ஒரு புல்லாங்குழல் போடுங்கள் என்றார்கள். போட்டாள். படத்தின் பெயருக்கு முன்னால் ருக்குமணியின் முகம் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கட்டும் என்றார்கள். அதையும் நீட்டினாள். சின்ன விஷயங்கள்தானே என்று நினைத்தாள்.

ஒளிபரப்பான அன்று தாஹிரா பீவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். புல்லாங்குழல் முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம் அந்தம்மா" என்றாள். தஹ்ஸீனுக்கு அது வெற்றியாகப் பட்டது.

ஆனியில், பலாக் காலத்தில், மறுபடி மலைக்குப் போனாள். இம்முறை தானே சொல்ல வேண்டும் என்று ஆசையாகப் போனாள். ருக்குமணி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு மூலையில் புதுப் பிளாஸ்டிக் பைகள் நான்கைந்து கிடந்தன. புடவை, பழம், ஹார்லிக்ஸ் பாட்டில்.

டிவியில் பார்த்தீர்களா, மாடு வந்ததல்லவா என்று தஹ்ஸீன் கேட்டாள். வந்தது, நன்றாக இருந்தது என்றாள் ருக்குமணி. கத்துகிறவர்கள் இப்போது வருவதில்லை என்றாள். பிறகு எண்ணெய் தடவிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

"சொன்னாத் தப்பா நெனைக்காத கண்ணு. பேயே பரவால்ல."

தஹ்ஸீனுக்குப் புரியவில்லை. ருக்குமணி நிதானமாகச் சொன்னாள். முன்பு வந்தவர்கள் சாலையிலேயே நின்று கத்திவிட்டுப் போனார்கள். பயம் இருந்ததால் வாசலைத் தாண்டவில்லை. இப்போது வருகிறவர்கள் நேரே உள்ளே வந்துவிடுகிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். பிள்ளைகள் விட்டுவிட்டார்களா, மாட்டைத்தவிர வேறு துணை இல்லையா என்று கேட்கிறார்கள். மகன் திருப்பூரில் வேலை செய்கிறான், மாதம் ஒருமுறை வந்து போகிறான் என்று சொன்னால், மகனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளே என்று இன்னும் அழுகிறார்கள். ஒருநாள் அர்த்தனாரி கட்டிலில் படுத்திருந்தபோதே ஒரு அம்மா வந்து, தனியாக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாளாம். அவர் எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டாராம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இருப்பதில்லை.

"என்னைப் பாத்துப் பயந்தவங்கமேல எனக்குக் கோவம் வந்துச்சு. அது ஒரு பக்கம். பாவம்ங்கறவங்ககிட்ட கோவப்படவும் முடியலயே."

தஹ்ஸீன் மூலையில் கிடந்த பைகளைப் பார்த்தாள். மாட்டைப் போட்டதோடு வேலை முடிந்தது என்றிருந்தாள். நீட்டி வைத்த முகமும் புல்லாங்குழலும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. மாடு வந்ததைக் காட்டியாயிற்று. ஆனால் அது வந்து சேர்ந்த வீட்டை அவள் இரண்டு முறையும் காட்டவில்லை.

அப்போது வளைவில் ஒரு கார் நின்றது. நடுவயதுக் கணவனும் மனைவியும் இறங்கினார்கள். கரூர்ப் பக்கமாம். மனைவியின் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அவள் கண் ஏற்கெனவே கலங்கத் தயாராக இருந்தது. தஹ்ஸீன் எழுந்து குறுக்கே பேச நினைத்தாள். ருக்குமணி அதற்குள் அவர்களைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்.

"பழம் வேணுங்களா? தேன் மாதிரி இருக்கும். சாப்பிட்டுப் பாத்துட்டு வாங்குங்க."

அந்தப் பெண் தடுமாறினாள். பழத்துக்கு வரவில்லை, டிவியில் வந்த அந்த அம்மாவைப் பார்க்க வந்தோம் என்றாள்.

"அவுங்களா? அவுங்க நடிக்கறவுங்க. சூட்டிங் முடிஞ்சு மெட்ராசுக்கே போயிட்டாங்க."

"நீங்க அவங்க மாதிரியே இருக்கீங்க."

"எல்லாருமே சொல்றாங்க" என்று ருக்குமணி இரண்டு சுளைகளை இலையில் வைத்து நீட்டினாள். அந்தப் பெண் வாங்கி வாயில் போட்டாள். முகத்தில் இருந்த துக்கம் மெல்ல விலகி, சாப்பிடுகிற முகம் வந்தது. எந்தத் தோட்டத்துப் பழம், முழுப் பழம் என்ன விலை என்று கேட்டாள். கணவன் டிக்கியைத் திறந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று அந்தப் பெண் சொன்னாள். ருக்குமணி, பிள்ளை பெறப்போகிறவளுக்கு ஒரேடியாகக் கொடுக்காதீர்கள், சூடு என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். புடவைப் பை காரிலேயே திரும்பிப் போனது.

தஹ்ஸீன் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழம் வேண்டுமா என்று முதலில் கேட்டதுதான் காரியம். அந்த ஒரு கேள்வியில் அழுகை வந்த இடத்துக்கு வியாபாரமும் ஊர்ப்பேச்சும் வந்து உட்கார்ந்துகொண்டன. அதை அவள் சொன்னபோது ருக்குமணி சிரித்தாள். பொய் சொன்னது ஒரு மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் இன்றைக்குத்தான் ஒரு ஆள் அழாமல் போயிருக்கிறாள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

மழைக்காலம் வந்தபோது ஊரில் வேறு படம், வேறு ரீல்ஸ். வளைவில் நிற்கும் வண்டிகள் குறைந்தன. பிரேம் அடுத்த கதையை எழுதிக்கொண்டிருந்தான். தஹ்ஸீனுக்கு வந்த வாய்ப்புகள் பெரும்பாலும் பேய்ப்படங்கள். அந்த முதல் காட்சியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். அவள் அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. பயமுறுத்துவது அவளுக்குப் பிடித்திருந்தது, அதில் அவள் கெட்டிக்காரியும்கூட.

அப்படி ஒப்புக்கொண்ட முதல் படத்தின் இயக்குநர் சென்னையிலிருந்து காட்சிகளை அனுப்பிவிட்டுப் போன் செய்தார். ஆளில்லாத ஒரு தெரு, வாசலில் உட்கார்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கும் ஒரு கிழவர். இதை வைத்துத் தொடங்கலாம், பார்த்தவுடன் முதுகு ஜில்லென்று ஆக வேண்டும் என்றார். தஹ்ஸீன் அந்தக் காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். நல்ல காட்சி. எங்கே வெட்ட வேண்டும் என்று கைக்கு உடனே தெரிந்துவிட்டது.

"சார், இவர் நடிகரா, இல்ல அந்த வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

அதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்டார். சும்மா சொல்லுங்கள் என்றாள். விசாரித்துச் சொல்வதாக அவர் சொன்னார். அவர் சொல்லும்வரை அவள் அந்தக் கிழவரைத் தொடாமல் மற்ற காட்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.